எஞ்சின் விளக்கின் வரலாறு

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில் ராசிங்காபுரம் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் மதில் எழுப்பினாற்போல் உயர்ந்து நிற்கும். மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். பொழுது புலர்வதற்கு முன்பே, தோட்ட வேலைக்குச் செல்லும் ஆடவரையும் பெண்டிரையும் ஏற்றிக்கொண்டு இப்பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்புகள் மலையேறும். வண்டி ஓடினால்தான் கூலி. கூலி வந்தால்தான் அடுப்பு. மோட்டார் வண்டியை நம்பி வாழும் சீமை இது என்றால் மிகையாகாது.

மாணவ நேயர்களே! இத்தகைய ஊரில் ஒருவர் கடன்பட்டுப் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி, வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் காலை அவர் வண்டியைக் கிளப்புகிறார். ஓட்டுநருக்கு எதிரேயுள்ள பலகையில், எஞ்சின் வடிவத்தில் ஒரு சிறு மஞ்சள் விளக்கு எரிகிறது, அணைய மறுக்கிறது. வண்டியோ ஓடத்தான் செய்கிறது. அவர் என்ன செய்வார்? நண்பர் ஒருவர், “அண்ணே, வண்டிதான் ஓடுதே, அந்த பல்பைக் கழற்றி விடுங்க” என்கிறார். மற்றொருவர், “எஞ்சினையே பிரிக்கணும்” என்று அச்சுறுத்துகிறார். மூன்றாமவர், “கம்பெனிக்குத்தான் போகணும், பெரிய செலவு வரும்” என்கிறார். மூவர் சொல்லும் மூன்று விதம். கடன் தவணையோ நெருங்கி வருகிறது.

இம்மூவருள் எவர் சொல்வது சரி? அதை அறிய வேண்டுமானால், அந்த விளக்கு எங்கே பிறந்தது, எதற்காகப் பிறந்தது, அது சொல்லும் செய்தி யாருக்கு உரியது என்ற வரலாற்றை அறிதல் வேண்டும். அதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

செவியால் நோயறிந்த காலம்

தமிழகத்தில் மோட்டார் தொழில் வேரூன்றிய கதை நீங்கள் கேள்விப்பட்டதே. டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1912-இல் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் போக்குவரத்தைத் தொடங்கினார். ஜி. டி. நாயுடு 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸுடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கிப் பின்னர் பெரும் நிறுவனமாக வளர்த்தார். வண்டிகள் பெருகப் பெருக, அவற்றைப் பழுதுபார்க்கும் பட்டறைகளும் ஊர்தோறும் தோன்றின. நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டி மகீந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவிலேயே பூட்டி விற்கத் தொடங்கினர். மலைச் சரிவுகளுக்கென்றே பிறந்தது போன்ற அவ்வண்டி, ஏலமலைக்கும் வந்து சேர்ந்தது.

அக்கால வண்டிகளில் எஞ்சினின் நலத்தைக் கூற இரண்டு மூன்று முள்கருவிகளே இருந்தன. ஒன்று எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும். ஒன்று தண்ணீரின் சூட்டைக் காட்டும். மற்றொன்று பாட்டரிக்கு மின்சாரம் ஏறுவதைக் காட்டும். 1930-களில் அமெரிக்க ஹட்சன் கார்களில் முள்கருவிக்குப் பதிலாகச் சிவப்பு விளக்குகள் வைக்கப்பட்டன. எண்ணெய் அழுத்தம் குறைந்தால் விளக்கு எரியும். முள்ளைப் படிக்கத் தெரியாதவருக்கே இது வேண்டும் என்று கருதிய அந்நாட்டார் அதனை ‘மூடர் விளக்கு’ என்று எள்ளினர்.

மற்றவற்றையெல்லாம் அறிந்தவர் மெக்கானிக்கே. எஞ்சின் ஓசையைக் கேட்டு, எந்த சிலிண்டர் ‘மிஸ்’ அடிக்கிறதென்று சொல்வார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பார். கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. இளம்பழுப்பாக இருந்தால் கலவை செம்மை. நம் போடிமெட்டுச் சாலையே இதற்குச் சிறந்த பாடசாலை. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நாலாயிரம் அடிக்கு மேல் ஏறும்போது காற்று அடர்த்தி குறைகிறது. ஆனால் கார்பரேட்டரோ சமவெளிக்கு அமைத்த அளவிலேயே பெட்ரோலைத் தருகிறது. காற்று குறைந்து பெட்ரோல் மிஞ்சுவதால் எஞ்சின் திணறும், கரும்புகை கக்கும். இதை எந்த நூலிலும் படிக்காமலே மலைவழி ஓட்டுநர் அறிந்திருந்தார்.

இந்த அறிவு யாருக்கு உரியதாக இருந்தது? கண்ணும் காதும் பொறுமையும் உடைய எவருக்கும் உரியதாக இருந்தது. இயந்திரம் திறந்த புத்தகமாயிருந்தது. பட்டறையில் ஸ்பானர் எடுத்துக்கொடுக்கும் சிறுவன் பத்தாண்டில் தானே மேஸ்திரியானான். இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

ஒரு நகரத்தின் மூச்சுத் திணறல்

இனி, கடல் கடந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்குச் செல்வோம். ஏனெனில் நம் மஞ்சள் விளக்கின் பிறப்பிடம் அதுவே.

1943-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை ஒரு பழுப்புநிற மூட்டம் கவிந்தது. மக்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் ஆதலின், பகைவர் நச்சுப்புகை வீசினரோ என்றுகூடச் சிலர் அஞ்சினர். தொழிற்சாலைகளின் மேல் பழி விழுந்தது. ஆயினும் மூட்டம் நீங்கவில்லை. ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் வந்தது.

கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் பேராசிரியர் இருந்தார். ஹாலந்து நாட்டில் பிறந்தவர். அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் உண்டாகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர், அதே முறையால் நகரத்துக் காற்றையும் ஆராயலானார். மோட்டார் வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் எரியாத எரிபொருள் ஆவியும், நைட்ரஜன் ஆக்சைடுகளும், வெயிலில் ஒன்றோடொன்று வினைபுரிந்து அம்மூட்டத்தைப் படைக்கின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் நிறுவினார். பகைவன் வெளியிலிருந்து வரவில்லை. ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் நின்றுகொண்டிருந்தான்!

1970-இல் அமெரிக்கக் காங்கிரஸ் தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. வண்டிப் புகையிலுள்ள நச்சுப் பொருள்களைச் சில ஆண்டுகளுக்குள் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டுமென்று அது விதித்தது. 1975-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து புகைக்குழாயில் ‘கேட்டலிடிக் கன்வெர்ட்டர்’ என்னும் வினையூக்கிப் பெட்டி இடம்பெறலாயிற்று. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் படிந்த பெட்டி அது. நச்சுவாயு அதன் வழியே செல்லும்போது தீங்கு குறைந்த வாயுவாக மாறும். அப்பெட்டியின் விலை இன்றும் மிகுதியாயிருப்பதற்கு அவ்வுலோகங்களே முதற்காரணம்.

ஆனால் அப்பெட்டி செவ்வனே பணிசெய்யக் கலவை மிகத் துல்லியமாக இருத்தல் வேண்டும். ஒரு பங்கு எடைப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு எடைக் காற்று என்பது கணக்கு. மெக்கானிக்கின் காதும் ஸ்குரூடிரைவரும் இவ்வளவு நுட்பத்தை நொடிதோறும் காக்க இயலுமா? இயலாது. ஆகவே புகைக்குழாயில் மிஞ்சிய பிராணவாயுவை அளக்கும் ‘ஆக்சிஜன் சென்சார்’ என்னும் உணர்கருவி வந்தது. 1970-களின் பிற்பகுதியில் வோல்வோ கார்களில் அது முதலில் இடம்பெற்றது. உணர்கருவி சொல்வதைக் கேட்டு எரிபொருளைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சிறு கணிப்பொறி வண்டிக்குள் குடிபுகுந்தது. போடிமெட்டு ஏறும்போது திணறாமல் கலவையைத் தானே திருத்திக்கொள்ளும் இன்றைய எஞ்சின், அந்த லாஸ் ஏஞ்சல்ஸ் மூட்டத்தின் கொடை எனலாம்.

விளக்கு பிறந்தது

கணிப்பொறி வந்ததும் ஒரு புதிய வசதியும் வந்தது. எஞ்சினின் ஒவ்வோர் உணர்கருவியையும் அது ஓயாது கவனிக்கிறது. ஒன்று தவறினால் அதுவே முதலில் அறிகிறது. அறிந்ததை ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டுமன்றோ? அதற்கே மஞ்சள் விளக்கு. 1988-ஆம் ஆண்டு மாதிரி முதல் கலிபோர்னியாவில் விற்கும் கார்களில் இத்தகைய தன்னோயறி அமைப்பு இருந்தாக வேண்டும் என்று அம்மாநிலம் விதித்தது. இதை ஓ.பி.டி. என்ற சுருக்கப் பெயரால் மெக்கானிக்குகள் வழங்குவர்.

இங்கேதான் வரலாற்றில் ஒரு திருப்பம் நேர்ந்தது. கணிப்பொறி அறிந்தது சரி. அது சொல்வதைப் படிப்பது எவ்வாறு? ஒவ்வொரு கம்பெனியும் தனக்கெனத் தனி இணைப்பு, தனிக் குறியீடு, தனிக் கருவி என்று வகுத்திருந்தது. ஒரு கம்பெனியின் கருவி மற்றொன்றின் வண்டிக்குப் பொருந்தாது. காதால் நோயறிந்த பட்டறைக்காரர், தம் கண்முன் நிற்கும் வண்டியின் பேச்சைக் கேட்கமுடியாமல் செவிடரானார். திறந்த புத்தகமாயிருந்த இயந்திரம் பூட்டிய பெட்டியாகி, சாவி கம்பெனியாரின் கையில் இருந்தது.

1990-இல் திருத்தப்பட்ட அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் இப்பூட்டைத் திறந்தது. புகை தொடர்பான நோயறி அமைப்பின் இணைப்பு எல்லா வண்டிகளிலும் ஒரே மாதிரியாக இருக்கவேண்டும். அதைப் படிக்கக் கம்பெனியின் தனிக்கருவி தேவைப்படலாகாது. பழுதுபார்க்கும் எவருக்கும் வேண்டிய விவரத்தைத் தரவேண்டும் என்று அது விதித்தது. காரணம் எளியது. பழுதுபார்ப்பது அரிதாகவும் செலவாகவும் இருந்தால் மக்கள் விளக்கைப் புறக்கணிப்பர், புகை பெருகும். ஆக, காற்றுத் தூய்மைக்கு எளியோரின் பட்டறை இன்றியமையாதது என்று சட்டமே ஒப்புக்கொண்டது. 1996 முதல் அந்நாட்டில் விற்கும் கார்களிலெல்லாம் பதினாறு ஊசித் துளைகள் கொண்ட பொது இணைப்பும், பொதுக் குறியீடுகளும் வந்தன. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் அதே முறை வந்தது.

நம் நாட்டில்

இந்தியாவில் 1995-இல் நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கிப் பெட்டி கட்டாயமாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் அப்பெட்டியைக் கெடுத்துவிடும் ஆதலின், 2000-இல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படலாயிற்று. பாரத் நிலை நான்கு எனப்படும் புகை விதிகள் 2010-இல் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களிலும், 2017-இல் நாடு முழுவதிலும் நடைமுறைக்கு வந்தன. அவற்றோடு தன்னோயறி அமைப்பும் படிப்படியாக வந்தது. 2020 ஏப்ரலில் பாரத் நிலை ஆறு வந்தது. இவ்வாறு லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த விளக்கு ராசிங்காபுரத்துக்கும் வந்து சேர்ந்தது.

விளக்கு வந்தது, விளக்கைப் படிக்கும் உரிமை வந்ததா? அதற்கும் ஒரு வழக்கு நடக்கவேண்டியிருந்தது. 2011-இல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் முறையிட்டார். கார்க் கம்பெனிகள் உதிரி உறுப்புகளையும், நோயறி கருவிகளையும், தொழில்நுட்ப விவரங்களையும் வெளிச்சந்தையில் தராமல் தம் முகவர்களுக்கே வழங்குகின்றன. அதனால் தனிப் பட்டறைகள் நலிகின்றன, வண்டி உரிமையாளர் கேட்ட விலையைக் கொடுக்க நேர்கிறது என்பது முறையீட்டின் சாரம். 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் தீர்ப்பளித்தது. பதினான்கு கம்பெனிகளுக்கு மொத்தம் ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. உதிரி உறுப்புகளும் நோயறி கருவிகளும் தனிப் பட்டறைகளுக்கும் கிடைக்க வகைசெய்ய வேண்டுமென ஆணையிட்டது. மேல்முறையீடுகள் எழுந்தன. சில கம்பெனிகளின் மேல்முறையீட்டில் 2016-இல் தண்டத்தொகை குறைக்கப்பட்டதேனும், அவை செய்தது தவறென்ற முடிவு நிலைத்தது. பின்னர் 2022-இல் நடுவணரசின் நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழு அமைத்தது. அவ்வாண்டின் இறுதியில் அதற்கென ஓர் இணையத்தளமும் திறந்தது.

போடியில் ஏலக்காய் மின்னணு முறையில் ஏலம் விடப்படுவதை உங்களிற் பலர் அறிவீர். கேட்கும் விலை திரையில் தோன்றுகிறது. மறைவில் பேசும் விலைக்கும் வெளிப்படையான விலைக்கும் உள்ள வேற்றுமையை விளைவித்தவன் நன்கு அறிவான். வண்டியின் நோய்க்குறியும் அவ்வாறே. அது வெளிப்படையாகத் தெரிந்த இடத்தில் ஏமாற்றம் குறையும்.

விளக்கைப் படிப்பது எப்படி?

இனி நம் ராசிங்காபுரத்து நண்பரிடம் திரும்புவோம். அவர் செய்யத்தக்கது யாது?

முதலில் விளக்கின் நிறத்தையும் நடத்தையையும் பார்த்தல் வேண்டும். எண்ணெய் அழுத்தத்துக்கோ சூட்டுக்கோ உரிய சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். ஒரு மைல்கூட ஓட்டலாகாது. சூடேறிய ரேடியேட்டரின் மூடியை ஆறுமுன் திறக்கலாகாது. மஞ்சள் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் அச்சமின்றி மெல்ல ஓட்டிச்சென்று விரைவில் காட்டலாம். அதே மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் எரியாமலே வெளியேறுகிறது என்பது பொருள். அது வினையூக்கிப் பெட்டிக்குள் சென்று எரிந்து பெட்டியையே பாழாக்கும். அப்போது மலையேறுவது, சிறுசெலவைப் பெருஞ்செலவாக்கிக் கொள்வதாகும். பல்பைக் கழற்றச் சொன்ன நண்பரின் அறிவுரை எவ்வளவு விலை பெறும் என்று இப்போது தெரிகிறதன்றோ?

அடுத்து, குறியீட்டைப் படிக்கவேண்டும். ஸ்டியரிங்கின் கீழ்ப்பகுதியை ஒட்டிப் பதினாறு துளை இணைப்பு இருக்கும். அதில் பொருத்தி, கைபேசியில் படிக்கும் சிறுகருவிகள் இன்று சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கின்றன. ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைகளும் சிற்றூர்களை ஒட்டியே வந்துவிட்டன. நண்பரின் வண்டியில் ‘பி 0302’ என்று வருவதாகக் கொள்வோம். இரண்டாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பது அதன் பொருள்.

இங்கே ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். குறியீடு நோயின் அடையாளத்தைச் சொல்லும். மாற்றவேண்டிய உறுப்பைச் சொல்லாது. காய்ச்சல் என்பது நோயின் பெயரன்று என்பதை நீங்கள் அறிவீர்கள். எரிதல் தவறுவதற்கு ஸ்பார்க் பிளக் காரணமாகலாம். தீப்பொறி தரும் காயில் காரணமாகலாம். பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் காரணமாகலாம். சிலிண்டரின் அழுத்தக் குறைவும் காரணமாகலாம். நல்ல மெக்கானிக் என்ன செய்வார்? சிலிண்டர்தோறும் தனிக்காயில் உள்ள வண்டியானால், இரண்டாவதன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டுவார். மூன்றாவதன் காயிலை இரண்டாவதில் மாட்டுவார். குறியீட்டை அழித்துவிட்டுச் சிறிது தூரம் ஓட்டிப் பார்ப்பார். மீண்டும் விளக்கெரிந்து ‘பி 0303’ என்று வந்தால் நோய் காயிலோடு நகர்ந்துவிட்டது, குற்றவாளி காயிலே. ‘பி 0302’ என்றே வந்தால் காயில் குற்றமற்றது. பிளக்கையும் பிறவற்றையும் பார்க்கவேண்டும். ஒரு காசு செலவில்லாத சோதனை! செவியால் நோயறிந்த பழைய மேஸ்திரியின் பொறுமையும், புதிய கருவியின் சொல்லும் இங்கே கைகோக்கின்றன.

வினையூக்கிப் பெட்டி பழுதென்று காட்டும் ‘பி 0420’ குறியீட்டைக் கண்டு, பெட்டியையே மாற்றச் சொல்வோரும் உண்டு. புகைக்குழாயில் ஒரு சிறு ஒழுக்கோ, உணர்கருவியின் கோளாறோகூட அக்குறியீட்டைக் கொணரலாம். மலிவான காரணங்களை முதலில் விலக்கிவிட்டே விலையுயர்ந்த உறுப்பில் கைவைத்தல் முறை. ஆகவே குறியீட்டை அழிக்குமுன் தாளில் எழுதிக்கொள்க. ஏன் இந்த உறுப்பு என்று கேட்க. கழற்றிய பழைய உறுப்பைக் கையில் வாங்கிக்கொள்க. செலவு பெரிதாயின் இரண்டாம் பட்டறையிலும் கேட்க. கம்பெனியின் உறுதிக்காலம் முடியாத வண்டியானால் முகவரிடமே செல்வது நன்று, செலவு அவர்களுடையதாகலாம்.

மூவருள் எவரும் முழுதும் சரியாகச் சொல்லவில்லை என்பது இப்போது விளங்கும். விளக்கு பொய்யுரைப்பதன்று; தீர்ப்புரைப்பதுமன்று. அது சாட்சி. சாட்சியைக் கேட்டு, ஆராய்ந்து, தீர்ப்புக் கூறுவது மனிதனின் கடமை.

மாணவர்களே! போடியில் 2012-இல் அரசினர் பொறியியற் கல்லூரி தொடங்கப்பட்டது. மலையடிவாரத்துப் பிள்ளைகள் அங்கும் பிற இடங்களிலும் பொறியியல் பயில்கின்றனர். உங்கள் ஊரிலுள்ள பட்டறைக்காரர் கைத்திறனில் உங்களுக்கு ஆசான். ஆனால் ஆங்கிலத்தில் வரும் குறியீட்டு விளக்கம் அவரை மருட்டலாம். அதை நீங்கள் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள்; அவரிடம் ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இருவர் அறிவும் சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் தவணை தவறாது. ஜீப்பில் ஏறி மலைக்குச் செல்வோர் நடுவழியில் நிற்கமாட்டார். அம்மலையின் காற்றும் மாசுறாது.

எங்கோ ஒரு நகரம் மூச்சுத் திணறியதால் பிறந்தது அவ்விளக்கு. அதைப் படிக்கும் உரிமையை எளியோர்க்குப் பெற்றுத்தர நாடுகள் சட்டம் இயற்றின. ஒரு குடிமகன் வழக்காடினார். அவ்வளவும் நடந்த பின்னர், எரியும் விளக்கின் முன் நாம் கண்ணை மூடிக்கொள்வது முறையாகுமோ?